35 கேள்விகளில் ஒரு பணியிடம்: எச்.எஸ்.இ. கேள்வித்தாள் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது

பணியிடச் சூழலை அளந்து சொல்கிறோம் என்று வரும் சேவைகளுக்கு இன்று பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஊழியரிடம் கேட்பது ஒன்றைத்தான்: நீங்கள் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறீர்கள்? பிரிட்டன் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ், சுருக்கமாக எச்.எஸ்.இ., பணி அழுத்தம் குறித்து 2004இல் வெளியிட்ட மேலாண்மைத் தரநிலைகளோடு சேர்ந்து வரும் 35 கேள்விகள் வேறு இடத்தில் கை வைக்கின்றன. ஊழியரின் மனநிலையை விட்டுவிட்டு, அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று கேட்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் ஒரு மேலாளரை நேராக அவருடைய மேசைக்கே திருப்பி அனுப்பும் கருவி இதைப் போல் வேறில்லை. ஆனால் கையாளத் தெரியாதவர் கையில் இது வண்ண வண்ணமாக ஓர் எக்செல் தாளைத் தந்துவிட்டு நின்றுவிடும்.

கேள்விகள் ஏழு பிரிவாக வருகின்றன. பணிச்சுமைக்கு 8, வேலையில் தனக்குள்ள முடிவுரிமைக்கு 6, மேலாளர் ஆதரவுக்கு 5, சக ஊழியர் ஆதரவுக்கு 4, உறவுகளுக்கு 4, பொறுப்புத் தெளிவுக்கு 5, மாற்றத்துக்கு 3. பதில் சொல்லப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொன்றும் தரையில் கால் ஊன்றிய கேள்வி: முடிக்கவே முடியாத கெடு தரப்படுகிறதா, எப்போது இடைவேளை எடுப்பது என்று நானே தீர்மானிக்க முடிகிறதா, வெவ்வேறு குழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாத வேலைகளை என்னிடம் கேட்கின்றனவா, வேலையில் என்னை வருத்திய ஒன்றை என் நேரடி மேலாளரிடம் பேச முடிகிறதா, மாற்றங்களைப் பற்றி நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வாய்ப்பு இருக்கிறதா. "நம் நிறுவனத்தின் விழுமியங்கள் எனக்கு ஊக்கம் தருகின்றன" என்கிற ரகக் கேள்வி ஒன்றுகூட இல்லை. அது பெரிய நிம்மதி.

இந்த அமைப்புக்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த மாதிரியின்படி, வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஒருவரைச் சாய்ப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்பதில் தன் சொல்லுக்கு இடமும் இல்லை என்னும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை வைத்து 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, முடிவுரிமை குறைந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதல் என்று காட்டியது. ஆகவே இந்தத் தாளில் பணிச்சுமையையும் முடிவுரிமையையும் தனித்தனியாகப் படித்தால் பாதி விஷயம் நழுவிவிடும். சுமை மோசமாகவும் முடிவுரிமை நன்றாகவும் இருக்கும் குழு கெடு முடிந்ததும் பெரும்பாலும் தேறிவிடும். இரண்டும் மோசம் என்றால் அந்தக் குழுவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மற்ற ஐந்து பிரிவுகளும் நன்றாக இருந்தாலும்.

சந்தையில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கருவிகளோடு ஒப்பிடலாம். கேலப் நிறுவனத்தின் கியூ12 பன்னிரண்டே வாக்கியங்கள் கொண்டது. சுருக்கம், மேலிடத்துக்குப் புரியவைக்க எளிது. ஆனால் அது உரிமம் உள்ள பொருள், எடுத்து நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. அது அளப்பது ஈடுபாட்டை. ஈடுபாடு மிகுந்தவர்களே தங்களை எரித்துக்கொள்ளும் பணியிடங்களும் உண்டு என்பதால், ஆரோக்கியத்தை அறிய அதை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட சோர்வுப் பட்டியல், 22 கேள்விகள். ஆய்வுக்கு அருமையானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், வேலை சார்ந்த நிகழ்வாகச் சேர்த்தபோது சொன்ன மூன்று கூறுகளும் அந்தப் பட்டியலின் மூன்று அளவுகளை ஒட்டியவையே. ஆனால் அது தெர்மாமீட்டர். காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு மேலாளர் அடுத்த திங்கட்கிழமை என்ன செய்வார்? எச்.எஸ்.இ. தாளில் ஒவ்வொரு கேள்வியும் யாரோ ஒருவர் மாற்றக்கூடிய ஒன்றைத் தொடுகிறது. அதன் மதிப்பே அதில்தான்.

இனி மதிப்பெண். சறுக்கல் அதிகம் இங்கேதான். முதல் 23 கேள்விகளுக்கு விடை "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை. 24 முதல் 35 வரை "முற்றிலும் மறுக்கிறேன்" முதல் "முற்றிலும் ஏற்கிறேன்" வரை. இரண்டுமே 1 முதல் 5. கைபேசியில் நிரப்பும் படிவமாக மாற்றும்போது இந்த மாற்றம் தெரியும்படி நடுவில் ஒரு பக்கப் பிரிப்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வேகத்திலேயே விரல் போய்க்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், 12 கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 3, 5, 6, 9, 12, 14, 16, 18, 20, 21, 22, 34. அதாவது பணிச்சுமையின் எட்டும் உறவுகளின் நான்கும். அவற்றில் 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும். கணக்கு முடிந்தபின் எல்லாப் பிரிவிலும் எண் கூடினால் நல்லது என்று ஒரே திசையில் படிக்கலாம். இதில் 34ஆம் கேள்விதான் கண்ணி. இரண்டாம் பகுதியில் திருப்ப வேண்டியது அது ஒன்றே ஒன்று என்பதால் எளிதில் விட்டுப்போகும். விட்டால் என்ன ஆகும்? உறவுகள் பிரிவின் நான்கு கேள்விக்கும் சிக்கலே இல்லை என்று பதில் சொன்னவருக்கு 5.0 வர வேண்டும். 34ஐத் திருப்பாவிட்டால் 4.0 வரும். நல்ல குழுவை நிர்வாகம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடும். மோசமான குழுவில் இதற்கு நேர்மாறாக எண் உயர்ந்து சிக்கல் மறைந்துபோகும்.

எச்.எஸ்.இ. தரும் எக்செல் கோப்பையே பயன்படுத்தினால் திருப்பிப் போடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பிரிவுக்கு ஒரு சராசரி எடுத்து, தன்னிடம் உள்ள ஒப்பீட்டு எண்களோடு வைத்து நிறம் கொடுக்கும். 80ஆம் சதமானத்துக்கு மேல், அதாவது ஒப்பிடும் நிறுவனங்களில் நூற்றுக்கு எண்பதைவிட மேலே இருந்தால் பச்சை, சராசரிக்கு மேலே ஆனால் 80ஐத் தொடாவிட்டால் வெளிர்நீலம், சராசரிக்குக் கீழே மஞ்சள், 20ஆம் சதமானத்துக்கும் கீழே சிவப்பு. அந்த ஒப்பீட்டு எண்கள் பிரிட்டன் நிறுவனங்களிலிருந்து வந்தவை. வேறு நாட்டில் பயன்படுத்துபவர்கள் நிறத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் துறைகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுவதும், ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்த விடை சொன்னார்கள் என்ற பரவலைப் பார்ப்பதும் நல்லது. உண்மையில் எந்த நாட்டில் இருந்தாலும் பரவலைப் பார்க்கத்தான் வேண்டும். 20 பேர் கொண்ட ஒரு குழுவில் எல்லோரும் "சில நேரம்" என்றால் சராசரி 3. இன்னொரு குழுவில் பத்துப் பேர் "ஒருபோதும் இல்லை", பத்துப் பேர் "எப்போதும்" என்றாலும் சராசரி அதே 3. முதல் குழுவுக்கு அவசரமில்லை. இரண்டாவது குழுவில் யாரோ பாதிப் பேர் தலையில் மொத்தச் சுமையும் ஏறியிருக்கிறது.

பெயர் வெளியாகாது என்ற வாக்குறுதியைப் பலரும் சொல்லிவிடுகிறார்கள், கணக்கில் காப்பாற்றுவதில்லை. பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் கூட்டத்துக்கும் தனி முடிவு போடக் கூடாது என்பது நல்ல விதி. அதுவும் போதாது. 14 பேர் கொண்ட துறையின் சராசரி 3.5 என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதே துறையில் ஓராண்டுக்கு மேல் இருக்கும் 11 பேரின் சராசரி 3.8 என்று இன்னொரு பக்கம். 49இலிருந்து 41.8ஐக் கழித்தால் 7.2, மிச்சமிருக்கும் மூன்று புதியவர்களின் சராசரி 2.4 என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு அட்டவணையும் தனித்தனியாக விதிக்கு உட்பட்டவையே. சேர்த்து வைத்தால்தான் உடைகிறது. அதனால் எந்த வெட்டில், துறைவாரியாகவா அனுபவவாரியாகவா, முடிவு வெளியிடுவது என்பதைக் கேள்வித்தாள் அனுப்பும் முன்பே தீர்மானித்து, ஒரே ஒரு வெட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வயது, பாலினம், பதவி, அனுபவம், துறை என்று ஐந்தையும் கேட்கும் படிவத்தைப் பார்த்ததுமே ஊழியர்கள் நடுநிலை விடைகளுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

500 பேருக்குள் உள்ள நிறுவனம் என்றால் மாதிரி எடுக்காமல் எல்லோரிடமும் கேட்பதே சரி. அனுப்பும் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: எதற்காக, யார் தனித்தனி விடைகளைப் பார்ப்பார்கள், முடிவு எந்தத் தேதியில் எல்லோருக்கும் காட்டப்படும், அதன்பின் என்ன நடக்கும். தேதி இல்லாத கடிதத்தை அனுப்பவே வேண்டாம். 60 பேரில் 33 பேர் பதில் தந்தால் அது 55 விழுக்காடு. நினைவூட்டல்களைக் குவித்து அதை 80 ஆக்குவதைவிட, பதில் தராத 27 பேர் எந்தத் துறையில், எந்த ஷிஃப்டில் குவிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. பத்து நிமிடம் ஒதுக்க முடியாத அளவு வேலை இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பதில் குறையும். அதுவே ஒரு விடை.

எண்கள் வந்ததும் பல நிறுவனங்கள் செய்வது, ஒரு பயிற்சி வகுப்புக்கு ஏற்பாடு செய்வது. மனஅழுத்த மேலாண்மை, மூச்சுப் பயிற்சி, நேர மேலாண்மை. இந்தத் தாள் வேலையின் அமைப்பைப் பற்றிக் கேட்டது. விடையாக ஊழியரைத் திருத்தக் கிளம்பினால் கேட்டதற்கு அர்த்தமே இல்லை. எச்.எஸ்.இ.யின் முறைப்படி எண்களுக்கு அடுத்த படி குழு உரையாடல். ஆறு முதல் பத்துப் பேர், ஒன்றே கால் மணி நேரம், அவர்களுடைய மேலாளர் அறையில் இல்லாமல். நடத்துபவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஏழு பிரிவையும் ஒரே அமர்வில் பேச முயலக் கூடாது; மோசமான இரண்டை எடுத்தால் போதும். "ஏன் அழுத்தமாக இருக்கிறது?" என்று கேட்டால் பொதுவான புலம்பல் வரும். "போன மாதத்தில் எந்த வாரம் மிக மோசமாக இருந்தது? அந்த வாரம் என்ன வந்து சேர்ந்தது? யார் அனுப்பினார்கள்? எதை நிறுத்தியிருந்தால் தாங்கியிருக்கும்?" என்று கேட்டால் பெயர் சொல்லக்கூடிய காரணங்கள் கிடைக்கும்: வெள்ளி மாலை வரும் அறிக்கைக் கோரிக்கை, ஒரே தரவை மூன்று படிவத்தில் நிரப்புவது, ஒப்புதல் தர ஒரே ஒருவர் இருப்பது.

அமர்வின் முடிவில் ஒரு தாளில் நான்கு பத்தி கொண்ட அட்டவணை. பிரச்சினை, செய்யப்போவது, பொறுப்பாளர், தேதி. ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. செய்ய முடியாதவற்றையும் காரணத்தோடு எழுதி எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஆள் எடுக்க இந்த ஆண்டு பட்ஜெட் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பணிச்சுமைப் பிரிவு சிவப்பாக வந்தால் முதல் வேலை ஆள் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் குழு செய்யும் எல்லா வேலைகளையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் கேட்டது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நிறுத்தினால் யாருக்குத் தெரியும் என்று எழுதச் சொல்ல வேண்டும். மூன்றாவது பத்தியில் "யாருக்கும் தெரியாது" என்று வருபவை ஆச்சரியப்படும் அளவு இருக்கும். அவற்றை நிறுத்தும் அதிகாரம் மேலாளருக்கு மட்டுமே உண்டு. ஊழியர் தானாக நிறுத்தினால் அது கடமை தவறியதாகிவிடும். மனிதரை மையமாகக் கொண்ட தலைமை என்பதை ஒரே செயலில் காட்டச் சொன்னால், அந்தப் பட்டியலில் கோடு போட்டு அடித்து, "இதை நான் நிறுத்தச் சொன்னேன்" என்று எழுத்தில் தருவதைத்தான் சொல்ல வேண்டும்.

மாற்றம் பற்றிய பிரிவில் மூன்றே கேள்விகள். அதனால் பலர் தாண்டிப் போகிறார்கள். புதிய மென்பொருள், இடமாற்றம், துறை இணைப்பு நடக்கும் காலத்தில் மற்ற எல்லாப் பிரிவையும் இழுத்துக் கீழே தள்ளுவது இதுதான். சரி செய்வதற்குச் செலவும் குறைவு. மாற்றத்தை அறிவிக்கும் கடிதத்தில் ஏன், எப்போது, உங்கள் வேலையில் எது மாறும், எது மாறாது, இன்னும் முடிவாகாதது எது, அது எந்தத் தேதியில் முடிவாகும் என்ற ஆறும் இருக்க வேண்டும். பெரும்பாலான அறிவிப்புகளில் முதல் இரண்டு மட்டுமே இருக்கும். ஐந்தாவது இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்ளும். பொறுப்புத் தெளிவு குறைந்திருந்தால் ஒருவருக்கு இரண்டு மேலாளர் உத்தரவிடும் இடங்களைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் முடிச்சு. சக ஊழியர் ஆதரவு அபூர்வமாகவே தனியாக விழும்.

உறவுகள் பிரிவில் இரண்டு கேள்விகள், தகாத சொல்லாலோ நடத்தையாலோ தொல்லை தரப்படுகிறதா என்ற 5ஆவதும் மிரட்டல் கொடுமை பற்றிய 21ஆவதும், சராசரிக்குள் போகவே கூடாதவை. 60 பேரில் இருவர் "எப்போதும்" என்று சொன்னால் சராசரி அசையாது, பச்சையே காட்டும். ஆனால் இரண்டு பேர் தினமும் அவமானப்படுகிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு "அடிக்கடி", "எப்போதும்" என்று சொன்னவர்களின் எண்ணிக்கையை மொத்த நிறுவன அளவில் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அவர்கள் யார் என்று தேடக் கூடாது. தேடினால் கருவியே செத்துவிடும். செய்யக்கூடியது, தன் மேலாளரைத் தாண்டிப் புகார் சொல்ல ஒரு வழி இருக்கிறதா, அது எல்லோருக்கும் தெரியுமா, அதில் வந்த புகார்களுக்கு எத்தனை நாளில் பதில் போனது என்று சோதிப்பது. குழு உரையாடலில் இந்த விஷயத்தை எடுக்கவே வேண்டாம்.

குறைகளும் கணிசம். சம்பளம், பாராட்டு, பதவி உயர்வில் நியாயம், பாகுபாடு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் சோர்வுக்குக் காரணமாகச் சொல்லும் ஆறு தளங்களில் வெகுமதி, நியாயம், விழுமியம் மூன்றும் இந்தத் தாளில் காலியாகவே கிடக்கின்றன. வாடிக்கையாளரின் ஏச்சு, வன்முறை பற்றியும் இல்லை; மருத்துவமனை, கால் சென்டர் போன்ற இடங்களில் இது பெரிய ஓட்டை. 2004இன் தாள் என்பதால் இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி, திரையைக் கண்காணிக்கும் மென்பொருள், வீட்டிலிருந்து வேலை எதற்கும் இடமில்லை. மூன்று நான்கு கேள்விகளைச் சொந்தமாகச் சேர்க்கலாம். ஆனால் 35க்குப் பின்னால் சேர்க்க வேண்டும். நடுவில் நுழைத்தால் கேள்வி எண்கள் மாறி மதிப்பெண் கணக்கு குலையும். பணியிட மனநலப் பாதுகாப்புக்காக 2021இல் வந்த சர்வதேச ஐ.எஸ்.ஓ. 45003 வழிகாட்டியைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு இது நல்ல தொடக்கம், ஆனால் அந்த வழிகாட்டி பேசும் ஆபத்துகள் எல்லாவற்றையும் இது தொடாது.

இன்னொரு பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும். இந்த எண்ணை மேலாளரின் அப்ரைசலிலோ போனஸிலோ கட்டுவது. கட்டிய அடுத்த ஆண்டே எண் உயரும், சூழல் அப்படியே இருக்கும். குழுவிடம் "பார்த்துப் போடுங்கள்" என்று சொல்வதற்கு மேலாளருக்கு ஒரு காரணம் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். மேலாளரின் நடத்தையை அறிய வேண்டும் என்றால் எச்.எஸ்.இ.யிடமே அதற்கென 66 கேள்விகள் கொண்ட தனித் தாள் இருக்கிறது. மேலாளர் தானும் நிரப்பி, தன் குழுவினரையும் நிரப்பச் சொல்லி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கலாம். அதன் முடிவு அவருக்கு மட்டும் போனால்தான் வேலை செய்யும்.

15 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வித்தாளைப் பரிந்துரைக்க முடியாது. எண்ணுக்குப் பின்னால் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதே அமைப்பு வெளியிட்டிருக்கும் உரையாடல் கையேடு போதும்: இரண்டு ஆதரவுப் பிரிவுகளையும் சேர்த்து ஒன்றாக்கி, பிரிவுக்கு ஒன்றாக ஆறு உரையாடல்கள், ஒரு சந்திப்பில் ஒன்று என்று நிதானமாக நடத்தலாம். பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணத்தோடு கூடிய ஆன்லைன் பதிப்பு உண்டு. பல கிளைகள் இருந்தால் எக்செல்லோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சமாகும், உள்ளே இருக்கும் சரக்கில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

மறுபடி கேட்பது ஆண்டுக்கு ஒருமுறை போதும், அதுவும் முந்தைய தாளில் எழுதிய ஐந்து வரிகள் முடிந்திருந்தால். முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள். இரண்டாம் சுற்றில் மேலாளர் ஆதரவும் உறவுகளும் சற்றுக் குறைந்து வந்தால் பதற வேண்டாம். ஏமி எட்மண்ட்சன் 1996இல் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களிலேயே பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்லப் பயமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் எண் விழுந்ததும் அந்த வகையா என்று அறிய பதில் தந்தவர்களின் விகிதத்தையும் குழு உரையாடலுக்கு வந்தவர்கள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் விகிதம் 55இலிருந்து 75க்கு ஏறி, எண் சற்று இறங்கி, உரையாடலில் ஆட்கள் பெயரோடு பேசுகிறார்கள் என்றால், போன ஆண்டின் எண்தான் பொய். விகிதமும் சேர்ந்து இறங்கியிருந்தால் அடுத்த சுற்றை ரத்து செய்துவிட்டு, முடியாமல் கிடக்கும் வரிகளை முடிக்கப் பாருங்கள்.